வேணாம்னு சொல்ல எதை அமுக்கணும்?

அத்தியாயம் 17

போன வாரம் கதவை அறைந்து சாத்திக்கொண்டு உள்ளே போன செல்வியை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். மறந்தவர்களுக்கும், இந்த வாரம்தான் பத்திரிகையைக் கையில் எடுத்தவர்களுக்கும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அப்புறம் ஒன்றும் புரியவில்லை என்று என்னைத் திட்டக்கூடாது.

கள்ளக்குறிச்சி ராஜாங்கம் ஒரு கிழங்கு ஏஜெண்ட். கல்வராயன் மலையில் யார் கொல்லையில், அதாவது மேட்டு நிலத்தில், மரவள்ளி முற்றியிருக்கிறதோ அங்கே ஆள் அனுப்பிப் பிடுங்கி, லாரியில் ஏற்றி, ஜவ்வரிசி ஆலைக்குக் கொண்டு சேர்ப்பது அவர் தொழில். இரண்டு மகன்கள். மூத்தவன் தமிழரசன் லாரிகளைப் பார்த்துக்கொள்கிறான். இளையவன் கவியரசன் பி.இ. படித்துவிட்டு வந்து, 'நாளைக்கு ஆள் அனுப்பலாமா?' என்று மலைக்காரர்களை போனிலேயே கேட்கிற ஆப் ஒன்று செய்தான். ராஜாங்கத்தின் வாயில் அது 'ஆப்பு'. மனிதர் அறியாமல் சொன்னார் என்றாலும் சொல் பொருத்தமாகத்தான் அமைந்துவிட்டது.

கவி செய்தது தொடுதிரை போனுக்கு. மலையில் பாதிப்பேர் கையில் இருப்பதோ பட்டன் போன். அங்கேதான் மூத்த மருமகள் செந்தமிழ்ச்செல்வி தேவைப்பட்டாள். கல்யாணத்துக்கு முன்பு சென்னையில் நாலு வருஷம் அவள் பார்த்த வேலையே இதுதான். ஒரு போனுக்காக ஜாவாவில் எழுதிய விளையாட்டை எடுத்து, வேறு வேறு கம்பெனி போன்களிலும் ஓடுகிற மாதிரி மாற்றி எழுத வேண்டும். போர்ட் பண்ணுவது என்பார்கள். கவியின் ஆப்பைப் பட்டன் போனுக்கு மாற்ற அவளுக்கு இரண்டு மாதம் ஆனது. அந்த போன்களில் தமிழ் எழுத்தே கிடையாது. ஒவ்வொரு சொல்லையும் குட்டிக் குட்டிப் படமாக வரைந்து உள்ளே வைத்தாள். உலை வைத்துவிட்டு, பிள்ளைக்கு வீட்டுப்பாடம் சொல்லிக்கொடுத்துக்கொண்டே செய்தாள்.

எல்லாம் முடித்துவிட்டு, முதல் திரையில் என் பெயரும் வரட்டுமே என்று ஒரு வார்த்தை கேட்டாள். அதற்குத்தான் போன வாரம் வீடு ரெண்டுபட்டது. காப்பி அடிச்சதுக்கெல்லாம் பேரு போடுவாங்களா அண்ணி என்று கவி சிரித்தான். கட்டிய புருஷன் தமிழரசனும் கூடச் சேர்ந்து சிரித்தான். அந்தச் சிரிப்புக்குத்தான் அவள் கதவை அறைந்தாள்.

இனி, செவ்வாய்க்கிழமை காலை.

ஏழரை மணிக்கு மலையிலிருந்து மேஸ்திரி கந்தசாமி போன் செய்தார். வெள்ளிமலைக்கு மேற்கே மேலூத்துக்காட்டில், பெரியநாயகி என்கிற அம்மாளின் கொல்லையில் ஆட்கள் இறங்கிவிட்டார்களாம். நாலு வரிசை பிடுங்கி முடிப்பதற்குள் அந்த அம்மாள் அரிவாளோடு ஓடி வந்து நடுவில் நின்றுகொண்டாளாம். எட்டு மாசக் கிழங்கு, இன்னும் ரெண்டு மாசம் போக வேண்டும், போனில் 'வேணாம்' என்றுதானே அமுக்கினேன், எவன் ஆள் அனுப்பினது என்று கேட்கிறாளாம். கந்தசாமியின் பட்டியலிலோ அவள் பெயருக்கு நேரே 'சரி' என்று இருந்தது.

மரவள்ளி பிடுங்கினால் பிடுங்கினதுதான். திரும்ப நட முடியாது. பிடுங்கிய கிழங்கும் ஒரு நாளுக்கு மேல் கிடந்தால் உள்ளே நீலம் பாய்ந்துவிடும், ஆலைக்காரன் தொடமாட்டான். இது அந்த வீட்டில் எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும் ராஜாங்கம் முதலில் அந்தக் கொல்லையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. மருமகளைத்தான் கூப்பிட்டார்.

தொடுதிரை போன்காரர்கள் ஒருத்தரும் குறை சொல்லவில்லை, பட்டன் போனில்தான் கோளாறு என்று கவி ஏற்கெனவே அப்பாவின் காதில் போட்டு வைத்திருந்தான். செல்வி ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றபோது வழக்கு முடிந்து தீர்ப்பே எழுதியாகிவிட்டது. நான் ரெண்டு போனில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தேன் என்று அவள் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை.

"நீ மலைக்குப் போ," என்றார் ராஜாங்கம். "போனைக் கையில வாங்கிப் பாரு. பாத்துட்டு, நீதாம்மா தப்பா அமுக்கிட்டேன்னு அந்தப் பொம்பளகிட்ட சொல்லு. போன் வேலை தெரிஞ்சவ சொன்னா நம்பிடுவா. மிச்சக் கொல்லையையும் பிடுங்கிக்கினு லாரி எறங்கட்டும்."

"பாக்காமயே எப்படி மாமா சொல்றது?"

"அதான் பாத்துட்டுச் சொல்லுன்றேன்."

எவ்வளவு நியாயமான மனிதர் பாருங்கள். பார்க்கவும் சொல்கிறார், பார்த்து என்ன சொல்ல வேண்டும் என்பதையும் அவரே சொல்லிவிடுகிறார்.

தமிழரசன் வாசலில் நின்று சட்டைக்குப் பட்டன் போட்டுக்கொண்டிருந்தான். அவனாவது ஏதாவது சொல்வான் என்று செல்வி திரும்பிப் பார்த்தாள். அவன் சொன்னான். தப்பு நம் பக்கம் என்று அவள் வாயில் ஒரு வார்த்தை வந்தால் நாளைக்கு மலையில் ஒருத்தரும் நம்மை நம்பிக் கொல்லையில் ஆள் விடமாட்டார்கள், தொழிலே படுத்துவிடும் என்றான். அப்படி வந்தால் அவளுடைய லேப்டாப் அன்றைக்கே வெளியே போகும், அதோடு சேர்ந்து அவளும் போகலாம் என்றான். பிள்ளை பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தது. அதற்காகவாவது குரலைத் தாழ்த்தியிருக்கலாம். பாவி, தாழ்த்தவில்லை.

செல்வி லேப்டாப்பைப் பையில் போட்டுக்கொண்டு ஜீப்பில் ஏறினாள். ஓட்டினது கவி.

ஜீப் கச்சிராயபாளையம் தாண்டியது. கவிக்கு வேறு கவலை. புதன்கிழமை கள்ளக்குறிச்சியில் விவசாய அதிகாரிகள் கூட்டம். அங்கே ஆப்பை மேடையில் காட்டப்போகிறான். அதற்குள் மலையில் இப்படி ஒரு பேச்சுக் கிளம்பிவிட்டது. மலைப்பாதை ஏற ஆரம்பித்ததும் அவனே தொடங்கினான். ஒரு பட்டன் போனுக்கு ரெண்டு மாசம் எடுத்துக்கினும் ஒழுங்கா செய்யலையே அண்ணி என்றான். அவன் படித்த காலேஜில் பசங்கள் இதை ஒரு வாரத்தில் முடித்துவிடுவார்களாம்.

செல்விக்கு நிஜமாகவே கை நமநமத்தது. ஆனால் அவள் கேட்டது ஒரே கேள்விதான்.

"நான் பென் டிரைவ்ல குடுத்த பெறவு, அதுல நீ இன்னாத்த மாத்துன?"

"ஒண்ணும் மாத்தல."

"கவி."

"ஒண்ணும் மாத்தலன்றேன் இல்ல? படம் ஒண்ணு சேர்த்தேன். அவ்ளோதான்."

என்ன படம் என்று அவள் கேட்டதற்கு அவன் ஆரன் அடித்தான். எதிரே வண்டியே இல்லை.

நடுவில் இரண்டு தடவை ராஜாங்கம் போன் செய்து எதுவரை போயிருக்கிறீர்கள் என்று கேட்டார். வண்டி ஓட்டுகிறதால் கவி ஸ்பீக்கரில் போட்டே பேசினான். இரண்டு தடவையும் அவர் மகனிடம்தான் பேசினார். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவள் ஒரு மூட்டை கிழங்காகக்கூட அவர் கணக்கில் இல்லை.

மேலூத்துக்காட்டில் ஜீப்பை விட்டு இறங்கியபோது மணி பத்தரை. கொல்லையின் ஓரத்தில் லாரி நின்றது. பிடுங்க வந்த ஆட்கள் பதினைந்து பேர் வரப்பில் உட்கார்ந்திருந்தார்கள். வேலை நடந்தால்தான் அவர்களுக்குக் கூலி. அதனால் அவர்களும் எரிச்சலில்தான் இருந்தார்கள். நாலு வரிசைச் செடி சாய்ந்து கிடந்தது. பிடுங்கிப் போட்ட கிழங்குக் குவியலின் மேலேயே பெரியநாயகி ஏறி உட்கார்ந்திருந்தாள். ஐம்பது வயதிருக்கும். மடியில் அரிவாள். ஜீப்பிலிருந்து இறங்கியவர்களை வா என்றும் சொல்லவில்லை, யார் என்றும் கேட்கவில்லை.

செல்வி குனிந்து ஒரு கிழங்கை எடுத்துப் பார்த்தாள். கட்டைவிரல் தடிமன்தான் இருந்தது. இதை எந்த ஆலைக்காரன் வாங்குவான் என்று அவளுக்கே வாயில் வந்தது, அடக்கிக்கொண்டாள்.

தான் யார் என்று சொல்லி, போனைக் கொஞ்சம் கொடுங்க அக்கா என்று கேட்டாள். பெரியநாயகி இடுப்பிலிருந்து எடுத்து நீட்டினாள், நீட்டும்போதே சொன்னாள்.

"உங்க மாமனாரு பொங்கலுக்குக் குடுத்த போனுதான். எங்க பன்னெண்டு பேருக்குக் குடுத்தாரு. இனாம்னு வாங்கினோம் பாரு, எங்களச் சொல்லணும்."

பேர்போன கம்பெனியின் பெயர் போனின் மேல் பளபளவென்று இருந்தது. செல்வி அதைப் புரட்டி, பின்மூடியைக் கழற்றி, பேட்டரியை எடுத்துப் பார்த்தாள். கம்பெனி போன் இல்லை. கம்பெனி போனைப் பார்த்துச் செய்த நகல். மாமா பொங்கலுக்கு வாரி வழங்கினது எல்லாமே நகல்.

இங்கே ஒரு சின்ன விஷயம் சொல்ல வேண்டும், பயப்படாதீர்கள், சின்னதுதான். பட்டன் போனில் திரைக்குக் கீழே இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று என்று இரண்டு பட்டன்கள் இருக்கும். எது அமுங்கினது என்று போன் ஆப்பிடம் ஓர் எண்ணால் சொல்லும். அந்த எண் கம்பெனிக்குக் கம்பெனி வேறு. எந்தக் கம்பெனி போன் என்று தெரிந்தால்தான் எந்த எண் இடது, எந்த எண் வலது என்று ஆப்புக்குத் தெரியும். நகல் போன் தன் பெயரைக் கேட்டால் அசல் கம்பெனியின் பெயரைச் சொல்லிவிடும். ஆனால் பட்டன் எண் இரண்டும் இடம் மாறியிருக்கும். சென்னையில் இந்த ஒரு விஷயத்தில் ஒரு முறை செமத்தியாக அடிபட்டவள் செல்வி. அதனால்தான் ஆப்பைத் திறக்கும்போதெல்லாம் முதலில் வரும்படி ஒரு திரை வைத்திருந்தாள். 'சரி' என்ற சொல்லுக்குக் கீழே உள்ள பட்டனை ஒரு தடவை அமுக்குங்கள் என்று அது கேட்கும். அமுக்கினால், போன் பொய் சொன்னாலும் பரவாயில்லை, எது எந்தப் பக்கம் என்று ஆப் கற்றுக்கொள்ளும்.

இப்போது பெரியநாயகியின் போனில் அவள் ஆப்பைத் திறந்தாள். அந்தத் திரை வரவில்லை. அந்த இடத்தில் கோட் போட்ட கவியரசனின் படம் வந்தது. கீழே, 'உருவாக்கம்: ரா. கவியரசன், பி.இ.'

செல்வி நிமிர்ந்து கொழுந்தனைப் பார்த்தாள். அவன் லாரி டயரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"என் ஸ்கிரீன் எங்க கவி?"

"இடம் பத்தல அண்ணி," என்றான் மெதுவாக. "இந்த போன்ல ஒரு அளவுக்கு மேல ஏத்தினா ஆப்பே ஏறல. படம் வைக்கணும்னா எதையாவது எடுக்கணும். சும்மா ஒரு பட்டனை அமுக்கச் சொல்ற ஸ்கிரீன்தானே, அது எதுக்குன்னு எடுத்துட்டேன்."

"எதுக்குன்னு என்னைக் கேட்டியா?"

அவன் எங்கே கேட்டான்? கேட்டிருந்தால் அவளுக்கு ஏதோ தெரியும் என்று ஒப்புக்கொண்டதாக ஆகிவிடுமே. இந்த வீட்டு ஆண்கள் அதை எப்படிச் செய்வார்கள்?

செல்விக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது, அதில் கொஞ்சம் தன் மேலேயும் இருந்தது. பதில் போனதும் 'உங்கள் பதில் அனுப்பப்பட்டது' என்று மட்டும்தான் அவள் எழுதி வைத்திருந்தாள். என்ன பதில் போனது என்று திருப்பிக் காட்டியிருந்தால் இந்த அம்மாள் அன்றைக்கே பார்த்திருப்பாள். அது அவள் விட்டதுதான். அதை அவளே தனக்குச் சொல்லிக்கொண்டாள்.

அங்கே சிக்னல் கிடைப்பது கொல்லைக்கு மேலே இருந்த ஒரு பாறை மேல்தான். போன் பேச வேண்டும் என்றால் ஊரே அதன்மேல்தான் ஏறும். செல்வி எல்லாரையும் அங்கே வரச்சொன்னாள். கவி வரமாட்டேன் என்றான். பதில் எல்லாம் வந்து சேருவது அவன் போனுக்குத்தான். அவள் அவன் கையிலிருந்து அதை வாங்கிக்கொண்டே நடந்தாள். வாங்கினாள் என்று எழுதுகிறேன், பிடுங்கினாள் என்றும் வைத்துக்கொள்ளலாம்.

பாறை மேல் நின்று, அன்றைக்கு அமுக்கின மாதிரியே அமுக்குங்க அக்கா என்றாள். பெரியநாயகி ஆப்பைத் திறந்தாள். இடது பக்கம் 'சரி', வலது பக்கம் 'வேணாம்'. எல்லாருக்கும் தெரிகிற மாதிரி போனை உயர்த்திப் பிடித்து, வலது பட்டனை அழுத்தமாக அமுக்கினாள்.

கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் கவியின் போனில் மணி அடித்தது. மேஸ்திரி கந்தசாமி எட்டிப் பார்த்து வாய்விட்டுப் படித்தார். "பெரியநாயகி. சரி."

பாறையில் உட்கார்ந்திருந்த ஆட்கள் ஒவ்வொருத்தராக எழுந்து நின்றார்கள். பெரியநாயகி மட்டும் செல்வியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இப்போது செல்வி நிற்கிற இடத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். என்ன நடந்தது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் இன்னும் வாயால் சொல்லவில்லை. பழைய போனு அக்கா, அதுவே தப்பா அனுப்புது என்று பொதுவாக ஏதாவது சொல்லி மழுப்பிவிட்டால் வீடு தப்பும், லேப்டாப் தப்பும், பிள்ளையோடு இன்றைக்குச் சாயந்திரம் சாப்பிட உட்காரலாம். அவள் அப்படி நினைக்கவில்லை என்று நான் பொய் சொல்லமாட்டேன். நினைத்தாள்.

நினைத்துக்கொண்டிருக்கும்போதே கையில் இருந்த கவியின் போன் அடித்தது. ராஜாங்கம். செல்வி எடுத்துவிட்டாள். வழியெல்லாம் ஸ்பீக்கரில் போட்டுப் பேசி வந்தானே, அந்தப் பழக்கத்தில் போனே ஸ்பீக்கரில்தான் திறந்தது.

"கவி, சொல்லிட்டாளா?" மாமனாரின் குரல் பாறை முழுக்கக் கேட்டது. "அந்தப் பொம்பளதான் தப்பா அமுக்கிட்டான்னு அவ வாயால சொல்லச் சொன்னேனே, சொல்லிட்டாளா இல்லையா? மலைக்காரிக்கு இன்னா தெரியப்போவுது. சீக்கிரம் பிடுங்கிக்கினு எறங்குங்க."

பெரியநாயகியின் முகத்தில் கோபம்கூட இல்லை. இவ்வளவுதானா நீங்கள் என்று பார்க்கிற பார்வை அது. அதற்கு அவள் அரிவாளைத் தூக்கியிருந்தால்கூட செல்வி தாங்கியிருப்பாள்.

"மாமா, நான் செல்வி," என்றாள். "அவங்க தப்பா அமுக்கல. வேணாம்னு அமுக்கினா சரின்னு வருது, இங்க பதினஞ்சு பேரு பாத்துட்டாங்க. நீங்க குடுத்த போனெல்லாம் நகலு. அதுக்குன்னு நான் வெச்ச ஸ்கிரீனை கவி எடுத்துட்டு அவன் போட்டோவ வெச்சிக்கினான். தப்பு நம்ம வூட்டோடது."

ராஜாங்கம் ரொம்ப நிதானமாகப் பேசினார். கத்தியிருந்தால் பரவாயில்லை. அவள் பெட்டி படுக்கையை வாசலில் எடுத்து வைத்துவிடுவதாகவும், பிள்ளை வீட்டுக்குள்தான் இருக்கும் என்றும், அவள் எங்கே போக வேண்டுமோ அங்கே போகலாம் என்றும் சொன்னார். சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

கந்தசாமி தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து உதறினார். ஆட்களைப் பார்த்து, கிளம்புங்கடா, இந்தக் கொல்லையில கை வைக்கறது பாவம் என்றார். அரைநாள் கூலி போனதே என்று இரண்டு பேர் முணுமுணுத்தார்கள். அதற்கும் சேர்த்து யாரைத் திட்டுவது என்று தெரியாமல் செல்வியைத்தான் முறைத்தார்கள்.

கவியின் போனைத் திருப்பிக் கொடுக்கும்முன் செல்வி ஒரு காரியம் செய்தாள். பட்டியலைத் திறந்தாள். பொங்கல் போன் வாங்கின பன்னிரண்டு பேரில் எட்டுப் பேருக்கு நேரே 'சரி' என்று இருந்தது. அப்படியென்றால் எட்டுப் பேரும் வேணாம் என்றவர்கள் என்று வாய்விட்டே சொன்னாள். தன் போனில் அதைப் படம் பிடித்துக்கொண்டாள். அதற்குள் கவி வந்து வெடுக்கென்று பிடுங்கினான்.

"நாளைக்கு கூட்டத்துல என் மானம் போச்சு. திருப்தியா?" என்றான். "பேரு போடலன்ற காண்டுதானே உங்களுக்கு."

அவன் விறுவிறு என்று இறங்கிப் போய் ஜீப்பில் ஏறினான். அப்போதுதான் செல்விக்கு உறைத்தது. லேப்டாப் பை பின்சீட்டில் இருந்தது. அந்தத் திரையை அவள் எழுதியதற்கு இருந்த ஒரே சாட்சி அதற்குள்தான். கவி என்று கூப்பிட்டுக்கொண்டே சரிவில் ஓடினாள். ஜீப் திரும்பிப் புழுதி கிளப்பிக்கொண்டு போய்விட்டது. லாரியும் பின்னாலேயே போனது.

மூச்சு வாங்கத் திரும்பி வந்தவளுக்கு, பெரியநாயகி ஒரு வாய்த் தண்ணீர் கொடுத்து, உட்காரம்மா என்று சொன்னாள் என்று எழுத எனக்கும் ஆசைதான். அவள் அப்படி ஒன்றும் செய்யவில்லை.

"உங்க வூட்டுச் சண்டையக் கொண்டாந்து எங்க கொல்லையில போடறீங்க," என்றாள். "நாலு வரிச போச்சு. நீ நெசத்தச் சொல்லிட்டா அது மொளச்சிடுமா?"

"மொளைக்காதுக்கா."

"தெரியுது இல்ல." போனை அவள் முகத்துக்கு நேரே நீட்டினாள். "இப்ப சொல்லு. பட்டியல்ல எம்பேரு இன்னும் சரின்னுதான் கீது. நாளைக்கு வேற ஆளை அனுப்புவாரு உங்க மாமனாரு. வேணாம்னு சொல்ல எதை அமுக்கணும்?"

ரெண்டு மாசம் உட்கார்ந்து எழுதினவள் சொல்ல வேண்டிய பதில் அதுதானா?

"சரிக்குக் கீழ இருக்கறதை அமுக்கணும்," என்றாள்.

பெரியநாயகி போனையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள். அமுக்கவில்லை. போனை இடுப்பில் செருகிக்கொண்டு, இதை இனிமேல் நான் தொடமாட்டேன், நீ வாயால சொல்லு என்றாள். என்னையும் சேர்த்து எட்டுப் பேர் என்றாயே, மற்ற ஏழு வீட்டுக்கும் இப்போதே என்னோடு வந்து, அவரவர் முகத்தைப் பார்த்துச் சொல்லு. ஆள் இறங்காத கொல்லையாவது தப்பட்டும் என்றாள்.

செல்வி தலையை ஆட்டினாள். போகிறதற்கு வேறு வீடும் இல்லை.

"மொதப் பேரு யாரு, படி."

செல்வி தன் போனில் பிடித்த படத்தைப் பெரிதாக்கிப் படித்தாள். "பிச்சைமுத்து."

நடக்க ஆரம்பித்திருந்த பெரியநாயகி நின்றுவிட்டாள்.

"பிச்சமுத்துவா? அவனும் வேணாம்னுதான் அமுக்கினானா?"

"ஆமாக்கா. அவங்க கொல்லை எங்க இருக்குது? ஆளுங்க எறங்கறதுக்குள்ள போயிடலாம்."

"சனிக்கெழமையே பிடுங்கிட்டாங்க."

பெரியநாயகி அங்கேயே வரப்பில் உட்கார்ந்தாள். காலையிலிருந்து அரிவாளோடு காவல் இருந்தவள், இப்போதுதான் முதல் தடவையாகத் தளர்ந்தாள். கேட்காமலேயே சொன்னாள். கிழங்கு முற்றட்டும், இப்போது வேண்டாம் என்று பிச்சைமுத்துவும் அவன் பெண்டாட்டி செவ்வந்தியும் பேசி முடிவு செய்திருந்தார்களாம். வேணாம் என்றுதான் அமுக்கினேன் என்று அவன் பிள்ளை தலையில் அடித்துச் சத்தியம் செய்தானாம். ஆட்கள் வந்து பட்டியலைக் காட்டினார்கள். அதில் சரி என்று இருந்தது. எனக்குத் தெரியாமல் நீ சரி சொல்லிவிட்டு என் பிள்ளை தலையில் பொய்ச்சத்தியம் பண்ணுகிறாயா என்று ஊர் நடுவில் நின்று கேட்டுவிட்டு, செவ்வந்தி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸுக்குப் போய்விட்டாளாம்.

"நாங்களும் அவனத்தான் ஏசினோம்," என்றாள் பெரியநாயகி. "நானே அவன் மூஞ்சில காறித் துப்பினேன்."

செல்வி வரைந்த சொல் அது. வேணாம் என்ற அந்தக் குட்டிப் படம். ணாவுக்குக் கால் சரியாக வரவில்லை என்று மூன்று முறை அழித்து அழித்து வரைந்தாள்.

"நான் போய்ச் சொல்றேன்க்கா," என்றாள். "மொதல்ல செவ்வந்திகிட்ட சொல்றேன். அவங்க அம்மா வூடு எந்த ஊரு?"

"ஊரு ரிஷிவந்தியம் பக்கம்," என்றாள் பெரியநாயகி. "அங்க போய்ச் சேரல அவ. ரெண்டு நாளா தேடிக்கினு இருக்கோம்."